குழித்தட்டின் சிவப்பு மூலை

சிட்னியில் நான் முன்பு வேலை பார்த்த பூச்சிச் சேகரிப்பகத்தில் இப்போது ஆரணி என்றொரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவள். வாரத்தில் மூன்று நாள் அங்கே வேலை. போன மாதம் அவளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஆய்வுகூடத்திலுள்ள பீங்கான் குழித்தட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தாள். செய்முறைக் கையேட்டில் ‘மூலை குறிக்காத தட்டைத் தொடாதே’ என்ற ஒரு வரிதான் இருக்கிறதாம். மற்றவர்களைக் கேட்டால் என்னைக் கேட்கச் சொல்கிறார்களாம்.

“அது நீளமான கதை” என்று பதில் போட்டேன்.

“எனக்கு நேரம் இருக்கு அக்கா” என்று வந்தது. அதை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்.

எனக்கு முப்பத்துநாலு வயது. வேலை பார்த்த கால நினைவுகளை எழுத இது உகந்த வயது இல்லை என்பது தெரியும். ஆனால் வண்டுகளைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். எட்டு வருடம் அவற்றோடு இருந்துவிட்டு விலகினேன். பிரியாவிடைக் கேக் கூட வெட்டினார்கள், கட்டடத்துக்கு வெளியே நின்று. ஏன் வெளியே என்பது போகப் போகப் புரியும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயிரியல் படித்து முடித்ததும் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் லேபல் எழுதினேன். அடுத்த இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதிய லேபல்களைக் கணினியில் ஏற்றினேன். ஐந்தாம் வருடம்தான் வண்டை அறுக்க ஊசியைக் கையில் தந்தார்கள். அதுவரை என்னைத் தாங்கியது என் பட்டியல் பழக்கம். எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் நிம்மதி. குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் அம்மாவின் கடைச் சாமான் பட்டியலைக்கூட, கடையில் அடுக்குத் தட்டுகள் இருக்கும் ஒழுங்கில் திருப்பி எழுதிக் கொடுப்பேன். “உப்பு வாங்க உனக்கு வரைபடம் வேணுமோ?” என்று அம்மா கேட்பா. ஆனால் அந்தப் பட்டியலோடுதான் கடைக்குப் போவா.

ஊசியைத் தந்தவர் செந்தில். எங்கள் பிரிவின் பொறுப்பாளர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கம். அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. இரண்டு மாதம் எதிரில் போய் நின்று இருமிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் “டொக்டர்” என்றேன்.

“டாக்டர் எல்லாம் வேண்டாங்க. நான் பூச்சிக்கு மட்டும்தான் ஊசி போடறவன்” என்றார். ஆனாலும் கடைசிவரை டொக்டர் என்றே கூப்பிட்டேன்.

அவருடைய பேச்சில் ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொரு வண்டையும் மரியாதையாக ‘இவரு’ என்பார். “இவரு எங்கிருந்து வந்தாருங்க? லேபல்ல என்ன சொல்றாரு?” என்று கேட்டபடி நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிவார். பெண் வண்டு என்று தெரிந்துவிட்டால் ‘அம்மா’. ஒரு வேலை பிழை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “இன்னொரு தடவ பாத்துருவமா?” என்பார். அந்த ‘பாத்துருவமா’வில் நாம் மூன்று நாளாகச் செய்த வேலை தரைமட்டமாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கோபப்படுவார்: சாப்பாடு. காய்ந்த பூச்சிகளைத் தின்று தூளாக்கும் சிறிய கம்பள வண்டுகள் உண்டு. ஒரு ரொட்டித் துணுக்கு விழுந்தால் அதைத் தேடி வரும். பிறகு நூறு வருடப் பழைய சேகரிப்பைத் தின்னும். ஆகவே கதவுக்கு இந்தப் பக்கம் தேநீர்கூடக் கிடையாது. ஒருமுறை எங்கள் இயக்குநர் பிஸ்கட்டோடு உள்ளே வந்தபோது, செந்தில் அவர் கையிலிருந்து அதை வாங்கி, வெளியே கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, “ஆங், சொல்லுங்க” என்றார்.

இனி வண்டுக்கு வருகிறேன்.

நியூ சவுத் வேல்ஸ் கரையோர மணல்மேடுகளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு புதர் படர்ந்து கிடக்கிறது. அதைத் தின்னும் பூச்சி ஏதும் கிடைக்குமா என்று, நான் பிறப்பதற்கு முன்னரே சிலர் அந்த நாட்டுக்குப் போய்த் தேடினார்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் பயன்படாத இலைவண்டுகள் நாற்பத்தொன்று ஒரு பெட்டியில் எங்களிடம் வந்து கிடந்தன. நெல்மணியை விடச் சிறியவை, தவிட்டு நிறம், பின்தொடை பருத்தவை. பெட்டியில் ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தின் பெயர் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

“இந்தக் கேள்விக்குறி முப்பது வருஷமாக் காத்துட்டு இருக்குதுங்க. நீங்க பாருங்க” என்றார் செந்தில்.

இலைவண்டுகளில் வெளித்தோற்றம் பல நேரம் ஏமாற்றும். ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும். அந்த உறுப்பு கெட்டியானது, வளைந்தது, ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம். அதை எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அட்டைத் துண்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த வண்டை, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்ட இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட வேண்டும். அரை மணியில் உடல் இளகும். கொக்கி போல வளைத்த மெல்லிய ஊசியால் வயிற்றைப் பின்பக்கமாகக் கழற்றி, காரக் கரைசலில் ஊறவைத்தால் தசை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். பிறகு கழுவி, உறுப்பைப் பிரித்து, குழித்தட்டில் ஒரு குழிக்குள் ஒரு சொட்டு கிளிசரினில் விட வேண்டும். வரைந்து, அளந்து முடிந்ததும் அதே வண்டின் அட்டையில், அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும்.

எங்கள் குழித்தட்டு உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான். மேலே மூன்று குழி, கீழே மூன்று. எண் எதுவும் கிடையாது. வாசிப்பதுபோல் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று. கீழே நாலு, ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்வோம். நான் ஆறு ஆண் வண்டுகளைத் தெரிந்தெடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆறு உறுப்புகளையும் குழிகளில் விட்டு, கண்ணாடி மூடியால் மூடினேன். திங்கட்கிழமை வரைந்தேன்.

மூன்று உறுப்புகளின் நுனி கரண்டிபோல் உருண்டிருந்தது. அது தெரிந்த இனம். மற்ற மூன்றும் நீளமாக, நுனி இரண்டாகப் பிளந்திருந்தன. அப்படி ஒன்று எந்த நூலிலும் இல்லை. நாலு மாதம் தேடிப் பார்த்தேன். லண்டனிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் படங்கள் வரவழைத்துப் பார்த்தேன். இல்லை. அது புதிய இனம். கதிரையை விட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இல்லைதான்.

ஒரே ஒரு குறை. வெளித்தோற்றம் ஒத்துவரவில்லை. பெரிய உடலும் கழுத்துத் தகட்டில் ஆழமான புள்ளிகளும் உள்ள வண்டுகளுக்குத்தான் பிளந்த நுனி என்று வந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். நாலு வண்டுகளில் அப்படித்தான் வந்தது. இரண்டாம், ஐந்தாம் வண்டுகளில் மட்டும் எதிர்மாறு.

“இந்த ரெண்டு பேரு மட்டும் ஏனுங்க அடம் புடிக்கிறாங்க?” என்றார் செந்தில்.

“இயற்கையில வேறுபாடு இருக்கும்தானே டொக்டர்” என்றேன். கட்டுரையில் ‘இரு இனங்களையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது’ என்று எழுதினேன். அவர் அந்த வரியைப் பல்லில் மாட்டிய நாரைப்போல் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு, சரி என்றார். பத்திரிகையின் இரண்டு மதிப்பீட்டாளர்களும் சரி என்றார்கள்.

புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரேயொரு வண்டை மூலமாதிரியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்குச் சிவப்பு லேபல் குத்துவார்கள். பெயர் என்றென்றைக்கும் அந்த ஓர் உடலுக்குச் சொந்தம். நான் தெரிந்தெடுத்தது இரண்டாம் வண்டை. ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, ஒரு கீறலும் இல்லாத உடல். படம் எடுத்தால் கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

கட்டுரையின் மெய்ப்பு, அச்சுக்கு முந்திய திருத்தப்படி, ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாளில் திருத்தி அனுப்ப வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைதான் என் வாழ்க்கையின் பெரிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். என் ஒப்பந்தம் மூன்று வாரத்தில் முடிய இருந்தது. அதே சேகரிப்பகத்தில் ஒரு நிலையான பதவி விளம்பரமாகியிருந்தது. புதிய இனம் ஒன்றையாவது விவரித்த கட்டுரை, அச்சுக்குப் போகும் நிலையிலாவது இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பட்டியல் போடும் பழக்கத்தில், நிலையான வேலை கிடைத்தால் வாங்க வேண்டியவற்றைக்கூட எழுதி வைத்திருந்தேன். முதல் வரி: காலுக்கு நல்ல சப்பாத்து.

மெய்ப்பை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் உடல் அளவுகளை ஒரு பட்டியலாகவும், உறுப்பின் அளவுகளை வேறொரு பட்டியலாகவும் கொடுத்திருந்தேன். அச்சு வடிவமைத்தவர் இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்திருந்தார். இரண்டாம் வண்டின் வரி வந்தது. வயிற்றின் நீளம்: ஒன்று தசம் நாலு மில்லிமீற்றர். அதற்குப் பக்கத்தில், உறுப்பின் நீளம்: ஒன்று தசம் ஏழு.

இன்னொருமுறை வாசித்தேன். அந்த உறுப்பு மடங்காது, கல்லுப்போல் கெட்டி. வயிற்றை விட நீளமான ஒன்று வயிற்றுக்குள் எப்படி இருந்தது?

சூட்கேஸை விடப் பெரிய குடையை சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டியதாக எழுதி, மூன்று நிபுணர்களின் சம்மதமும் வாங்கியிருந்தேன்.

மறுபடி அளந்தேன். அளவு சரி. லேபல் எண்களைச் சரிபார்த்தேன். சரி. குறிப்பேட்டில் எல்லாம் வரிசையாக, சுத்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பிழை என் பட்டியலுக்கு வெளியே எங்கேயோ நடந்திருக்கிறது.

மாதங்களுக்கு முன், அந்தத் திங்கட்கிழமை வரையத் தொடங்குமுன் ஒழுங்குப்படி குழித்தட்டை ஒரு படம் எடுத்திருந்தேன். அதைத் திறந்தேன். தட்டின் ஒரு மூலையில் சிறிய உடைவு இருந்தது. கீழே, வலது பக்கம். உறுப்புகளைக் குழிகளில் விட்ட வெள்ளிக்கிழமை அது எங்கே இருந்தது? வெள்ளிக்கிழமை நான் ஆய்வுக்கென்று படம் எதுவும் எடுக்கவில்லை.

ஆனால் அம்மாவுக்கு எடுத்திருந்தேன்.

என் அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. நான் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து மத்தியானம் பன்னிரண்டரைக்குச் செய்தி வரும்: “சாப்பிட்டனியோ? படம் அனுப்பு.” படம் போகாவிட்டால் ரெலிபோன் வரும். ரெலிபோனை எடுக்காவிட்டால் சேகரிப்பகத்தின் வரவேற்பு மேசைக்கே அழைப்பு வரும். அது ஒருமுறை நடந்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை செந்தில் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். ஆய்வுகூடத்தில் நான் மட்டும். உறுப்புகளைக் குழியில் விட்டு முடித்த கையோடு பசி. சாப்பாட்டு அறை இரண்டு மாடி கீழே. பையில் அம்மா தந்துவிட்ட மட்டன் ரோல்ஸ் இரண்டு.

ஓம். உள்ளே, மேசையில் வைத்துச் சாப்பிட்டேன்.

கைப்பேசியில் பழைய படங்களுக்குள் தேடினேன். கிடைத்தது. கடுதாசித் தட்டில் கடித்த ரோல்ஸ். அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, கண்ணாடி மூடியோடு குழித்தட்டு. உடைந்த மூலை மேலே, இடது பக்கம்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. ரோல்ஸின் தூள் மேசையெல்லாம் விழுந்திருந்தது. தடயம் இருக்கக்கூடாதென்று குழித்தட்டை மூடியோடு கையில் தூக்கிக்கொண்டு, மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிறகு தட்டைத் திரும்ப வைத்தேன். கவனிக்காமல், அரைச் சுற்றுத் திருப்பி. அப்படி வைத்தால் ஒன்று ஆறாகும், இரண்டு ஐந்தாகும், மூன்று நாலாகும். ஒன்றும் ஆறும் ஒரே இனம்; மாறினாலும் தெரியாது. மூன்றும் நாலும் அப்படியே. மாட்டியது இரண்டும் ஐந்தும். என் அழகான மாப்பிள்ளை பழைய இனத்தைச் சேர்ந்தவர். நான் அவர் பக்கத்தில் ஒட்டியிருந்தது ஐந்தாம் வண்டின் உறுப்பை.

அப்படியே அச்சுக்குப் போனால் நடக்கக்கூடியது இது. புதிய பெயர் பழைய இனத்தின் உடலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராவது கண்டுபிடித்து அந்தப் பெயரைத் தள்ளுபடி செய்வார்கள். உண்மையான புதிய இனம் பெயரில்லாமல் பெட்டியிலேயே கிடக்கும். அல்லது யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்; எனக்கு வேலை கிடைத்திருக்கும், நல்ல சப்பாத்தோடு தினமும் அந்தப் பெட்டியைக் கடந்து போவேன். நாலு பேர் பார்த்தும் யாருக்கும் தெரியாத பிழை. பத்து நிமிடம் கதிரையில் இருந்தேன். விண்ணப்பத்தின் தலைப்பு கணினித் திரையில் ஒரு மூலையில் திறந்து கிடந்தது. அதை மூடினேன். மூடியபிறகு எழும்புவது சுலபமாக இருந்தது.

செந்திலின் அறைக்குப் போனேன். முதலில் மெய்ப்பின் அட்டவணையை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“ஒண்ணு நாலுக்குள்ள ஒண்ணு ஏழு. இன்னொரு தடவ பாத்து…”

“பாத்திட்டன் டொக்டர். மூண்டு தரம். தட்டு திரும்பியிருக்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“என்னட்ட ரெண்டு படம் இருக்கு” என்று திங்கட்கிழமைப் படத்தைக் காட்டினேன். பிறகு, வேறு வழியில்லை, ரோல்ஸ் படத்தைக் காட்டினேன்.

அவர் நீண்ட நேரம் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். உடைந்த மூலையைப் பார்த்தார். பிறகு நகர்த்தி ரோல்ஸைப் பார்த்தார். பின்னால் தெரிந்த என் நுணுக்குக்காட்டியைப் பார்த்தார். மறுபடி ரோல்ஸுக்கு வந்தார்.

“இது நம்ம மேசைங்களா?”

“ஓம்.”

“உள்ளாற.”

“ஓம் டொக்டர்.”

“மட்டனா?”

“மட்டன்தான்.”

கதவைத் திறந்து வெளியே போனார். முடிந்தது என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து வந்தார். தாழ்வாரக் கோடி வரை நடந்துவிட்டு வந்திருக்கிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

“கோபத்த அப்பறம் வெச்சுக்கறேன். இப்ப நேரமில்லீங்க. நீங்க சொல்றது நெசம்னா, இதுவரைக்கும் அறுக்காத ஒருத்தர வெளிய பாத்தே, உள்ள என்ன இருக்கும்னு சொல்லிரலாம். சொல்லுங்க பாக்கலாம்.”

பெட்டியில் அறுக்காத ஆண் வண்டுகள் இன்னும் சில இருந்தன. அவர் இரண்டை எடுத்தார். பெரியது ஒன்று, கழுத்துத் தகட்டில் ஆழமான புள்ளிகள். சிறியது ஒன்று, வழவழப்பு. நான் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘பெரியது: பிளவு. சிறியது: கரண்டி’ என்று எழுதி, மடித்து, நுணுக்குக்காட்டியின் அடியில் வைத்தேன். காரக் கரைசலில் ஆறுதலாக ஊறவைக்க நேரமில்லை. சூடான தட்டில் வைத்து இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் தன் கதிரையில் இருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கச் சொல்லவில்லை.

பெரியதை நான் பிரித்தேன். கிளிசரினுக்குள் அது மெல்லத் திரும்பி நுனியைக் காட்டியது. இரண்டாகப் பிளந்திருந்தது. விலகி அவருக்கு இடம் விட்டேன்.

குனிந்தவர் நிமிரவில்லை. “அட, வாங்க” என்றார் வண்டிடம். “முப்பது வருஷமா எங்க இருந்தீங்க?”

சிறியதன் நுனி கரண்டி. காகிதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் பிரித்துப் பார்த்தார், அப்படியானவர்.

அதன்பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. உறுப்புகளை உரிய உடல்களுக்குத் திருப்பிக் கொடுத்ததும், அடம்பிடித்த இருவரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். பெரிய உடல், ஆழமான புள்ளிகள், உணர்கொம்பின் கறுத்த நுனி எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தன. வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது என்ற வரியை நான் வெட்டினேன். வெட்டும்போது “அப்பாடா” என்றார் செந்தில். இனி ஆப்பிரிக்காவில் ஒரு புதரடியில் குந்தியிருக்கிற யாரும் வண்டைக் கொல்லாமல், பூதக்கண்ணாடியால் பார்த்தே இனம் சொல்லலாம்.

மூலமாதிரியை மாற்ற வேண்டியிருந்தது. உறுப்பு சரியாக வெளிவந்து நல்ல நிலையில் இருந்தது ஐந்தாம் வண்டுடையது. ஆனால் அந்த வண்டுக்கு ஒரு பின்னங்கால் இல்லை.

“வேற பாப்பமோ டொக்டர்? இதுக்கு அஞ்சு கால்தான்.”

“அஞ்சு போதுங்க. நடக்கவா போறாரு?”

பத்திரிகை ஆசிரியருக்கு நான்தான் கடிதம் எழுத வேண்டும் என்றார் செந்தில். எழுதினேன். தட்டு அரைச் சுற்றுத் திரும்பியது, உறுப்புகள் இடம் மாறின, மெய்ப்பை நிறுத்துங்கள் என்று ஒளிக்காமல் எழுதினேன். ரோல்ஸை மட்டும் ‘மேசையைத் துடைத்தபோது’ என்று சுருக்கினேன். செந்தில் அதை வாசித்துவிட்டு, “சரி, அது குடும்ப விஷயம்” என்றார். ஆசிரியர் அடுத்த நாளே பதில் போட்டார். கட்டுரையை நிறுத்திவிட்டதாகவும், திருத்தியதும் மறுபடி மதிப்பீட்டுக்குப் போகும் என்றும், தான் இளம் வயதில் கால்களை மாற்றி ஒட்டிய ஒரு வண்டு இன்றும் ஏதோ ஒரு நகரத்துச் சேகரிப்பகத்தில் அப்படியே இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விண்ணப்பத்தில் கட்டுரைப் பகுதியில் ‘மதிப்பீட்டில்’ என்றுதான் எழுத முடிந்தது. விதிக்கு அது போதாது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. நல்ல மனுசி, அவவின் கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். அழுதேனா என்றால், ரயிலில் பிளாக்டவுன் தாண்டும்வரை அழுதேன். பிறகு நிறுத்திவிட்டு, கையிலிருந்த வேலைகளை யார் யாருக்கு ஒப்படைப்பது என்று ஒரு பட்டியல் போட்டேன்.

விண்ணப்பம் போன அடுத்த திங்கட்கிழமை செந்தில் என் மேசைக்கு வந்து, “உங்ககிட்ட நெயில் பாலிஷ் இருக்குங்களா?” என்றார்.

என் கைப்பையில் ஒரு சிவப்பு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போனவர், ஆய்வுகூடத்திலிருந்த குழித்தட்டுகள் அத்தனையையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் இடது மேல் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். உதவி கேட்கவில்லை; யாரையும் விடவுமில்லை. நடுவில் இயக்குநரோடு ஒரு கூட்டம் இருந்தது. பெருவிரல் நகம் முழுக்கச் சிவப்போடு போய் இருந்துவிட்டு வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பிஸ்கட் கதைக்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாலையில் குப்பியைத் திருப்பித் தந்தார். அடியில் ஒரு சொட்டுத்தான் மிச்சம்.

“கோபம் முடிஞ்சுதோ டொக்டர்?”

“இதுல பாதி போச்சு. பேரு யாருக்கு வெக்கறீங்க?”

முதலில் நான் அந்த வண்டு பிடிபட்ட இடத்தின் பெயரை வைத்திருந்தேன். எப்படியும் எல்லாம் புதிதாக எழுத வேண்டும்.

“சாட்சி சொன்னவங்க பேர வெக்கலாம்ங்க” என்றார். ரோல்ஸ் படம் அம்மாவுக்காக எடுத்தது என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டில் அம்மா குசினியில் நின்றுகொண்டிருந்தா. விஷயத்தைச் சொன்னேன். கமலா என்ற பெயரை லத்தீன் வாலோடு எழுதிக் காட்டினேன்.

“என்ர பேரோ? பூச்சிக்கோ?”

“ஓமம்மா. உலகம் இருக்கும்மட்டும் இருக்கும்.”

“படத்தைக் காட்டு.” கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தா. “இதென்ன, ஒரு காலைக் காணேல்லை?”

“இல்லையம்மா. விழுந்திட்டுது.”

அம்மாவுக்கு அந்த வருடம்தான் முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. காலைத் தடவினா. “அப்ப பொருத்தம்தான்” என்றுவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பினா. அன்றிரவு கிரான்பர்னிலிருக்கும் தன் தங்கையிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் ரெலிபோன் போனது. கால் விஷயத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் கடைசி நாள் கேக்கைக் கட்டடத்துக்கு வெளியே, புல்லில் நின்று வெட்டினோம். செந்தில் தன் துண்டை வாங்கிக்கொண்டு கதவிலிருந்து சரியாகப் பத்து அடி தள்ளிப் போய் நின்று சாப்பிட்டார். என்னையும் கையைக் காட்டி அங்கே கூப்பிட்டார். கட்டுரை அதற்கு நாலு மாதம் கழித்து வெளிவந்தது. அப்போது நான் மெல்பர்னில், சின்னம்மா வீட்டில் இருந்துகொண்டு, ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்றும் அங்கேதான். இரத்த மாதிரிகள், ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். முதல் நாள் அந்தப் பிளாஸ்டிக் தட்டைக் கையில் தந்தபோது நான் முதலில் பார்த்தது மூலையைத்தான். ஒரு மூலையைத் தொழிற்சாலையிலேயே வெட்டிவிட்டிருந்தார்கள். அதை நான் விரலால் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்த மேற்பார்வையாளர், ஏதாவது உடைந்திருக்கிறதா என்று கேட்டார். “இல்லை, நல்ல தட்டு” என்றேன்.

ஆரணி, உன் கேள்விக்கு இதுதான் பதில். நேற்று நீ அனுப்பிய படமும் பார்த்தேன். இழுப்பறையில் சிவப்பு லேபலோடு கமலா, ஐந்து காலோடு, கம்பீரமாக இருக்கிறா. அதை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “வடிவாய்த்தான் இருக்கு. நீ சாப்பிட்டனியோ?”

இன்னும் ஒன்று. உன் படத்தில் இழுப்பறைக்குப் பின்னால், மேசை ஓரத்தில், ஒரு மஞ்சள் மிக்சர் பக்கற் தெரிகிறது. செந்தில் கூட்டம் முடிந்து வருமுன் எடுத்துவிடு. மேசையைத் துடைக்கும்போது தட்டைத் தூக்கினால், சிவப்பு மூலை இடது மேல் பக்கம்.